அம்பாசிடருக்குள் வேற கம்பெனி இன்ஜின் மாட்டலாமா? பட்டறை சொல்றதும் ஆர்.டி.ஓ. சொல்றதும்... முழு விளக்கம்!

ஸ்ரீவைகுண்டத்தில் இருந்து வாழைத்தார் ஏற்றிக் கிளம்பும் வேன், தூத்துக்குடியில் உப்பு லோடு அடிக்கும் பழைய லாரி, கல்யாண வீட்டு வாசலில் மாலை போட்டு நிற்கும் வெள்ளை அம்பாசிடர்... இந்த மாதிரி வண்டிகளில் பலவற்றுக்கு வயசு இருபதைத் தாண்டியிருக்கும். பாடி ஒரு கம்பெனி, உள்ளே ஓடுற இன்ஜின் வேற கம்பெனி என்கிற கதையும் பழைய வண்டிகளில் நிறையவே உண்டு.

"இன்ஜின் போயிடுச்சு. ஒரிஜினல் கிடைக்கல. காயலான்கடையில வேற கம்பெனி இன்ஜின் நல்ல கண்டிஷன்ல இருக்கு. மாட்டிடலாமா?"

பட்டறைக்காரரைக் கேட்டால் "தாராளமா மாட்டலாம்" என்பார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டால் "முடியாது" என்பார்கள். ரெண்டு பேர் சொல்றதும் அவங்கவங்க இடத்தில் சரிதான். ஏன்னு விரிவா பார்க்கலாம்.

சுருக்கமா மூணு விஷயம்

* அதே கம்பெனி, அதே ரக இன்ஜினை மாற்றலாம். ஆனால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும்.
* வேற கம்பெனி, வேற ரக இன்ஜினை மாட்டுவது இன்றைய மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது இல்லை.
* மாட்டி ஓட்டினால் அபராதம் மட்டும் பிரச்சினை இல்லை. பிரேக்கும் இன்சூரன்ஸும்தான் பெரிய பிரச்சினை.

இன்ஜின் மாற்றம்னா என்ன? மூணு வகை இருக்கு

பட்டறை பேச்சில் எல்லாத்தையும் "இன்ஜின் மாத்தினது"னு ஒரே வார்த்தையில் சொல்லிடுவாங்க. ஆனால் உள்ளே மூணு தனித்தனி வேலை இருக்கு.

முதல் வகை, இருக்கும் இன்ஜினையே கழற்றி, போர் போட்டு, ஸ்லீவ், பிஸ்டன், ரிங் மாற்றி, கிராங்க் கடைந்து திரும்ப மாட்டுவது. இதில் இன்ஜின் நம்பர் மாறாது. இது வெறும் ரிப்பேர்தான்.

ரெண்டாவது வகை, அதே கம்பெனியின் அதே ரக இன்ஜினை வேறொரு வண்டியில் இருந்தோ, புதுசாகவோ வாங்கி மாட்டுவது. சி.சி., எரிபொருள் எல்லாம் அதேதான். இன்ஜின் நம்பர் மட்டும் மாறும்.

மூணாவது வகைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அம்பாசிடரில் வேற கம்பெனி டீசல் இன்ஜின், பெட்ரோல் ஜீப்பில் டிராக்டர் குடும்பத்து டீசல் இன்ஜின், ஒரு கம்பெனி லாரி சேஸில் இன்னொரு கம்பெனி லாரி இன்ஜின்... இப்படி கம்பெனி, ரகம், சில நேரம் எரிபொருளே மாறிவிடும் வேலை.

எதுக்காக மாத்தினாங்க?

காரணம் ரொம்ப சாதாரணம். காசு.

அம்பாசிடரும் ஃபியட்டும் மட்டுமே ஓடிய காலத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் பெரிசா இருந்தது. ஒரு நாளைக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடும் டாக்ஸிக்காரருக்கு அந்த வித்தியாசம்தான் வீட்டுச் செலவு. பெட்ரோல் இன்ஜினை இறக்கிட்டு டீசல் இன்ஜின் ஏற்றினால், மாற்றிய செலவை சீக்கிரமே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பெட்ரோல் அம்பாசிடர், பெட்ரோல் ஜீப் எல்லாம் டீசலுக்கு மாறியது தமிழ்நாட்டு டாக்ஸி ஸ்டாண்டுகளில் ஒரு காலத்தில் சர்வசாதாரணம்.

ரெண்டாவது காரணம், ஸ்பேர் பார்ட்ஸ். கம்பெனி மூடிட்டாலோ, மாடல் நின்னுட்டாலோ பார்ட்ஸ் கிடைக்காது. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த, எந்தக் கடையிலும் பார்ட்ஸ் கிடைக்கும் இன்ஜினாகப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள்.

மூணாவது, காயலான்கடை. விபத்தில் பாடி நசுங்கிய வண்டியின் நல்ல இன்ஜின் எடைக்கு எடை போடாமல் தனி விலைக்கு அங்கே கிடைக்கும். அந்த 'காயலான்' என்ற சொல்லே நம்ம தூத்துக்குடி மாவட்டத்து காயல்பட்டினத்தில் இருந்து போய் பழைய இரும்பு வியாபாரம் செய்தவர்களால் வந்தது என்று சொல்லப்படுகிறது. சென்னை புதுப்பேட்டை வரைக்கும் இந்தப் பழைய பார்ட்ஸ் சந்தை பரவிக் கிடக்கிறது.

கம்பெனிகளே செஞ்ச வேலைதான் இது

வேற கம்பெனி இன்ஜினை மாட்டுவது பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. இந்தியாவில் கார், ஜீப் தயாரித்த கம்பெனிகளே இதைத்தான் செய்தன.

*அம்பாசிடர்:* இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரில் இருந்து வந்தது. அதில் பி.எம்.சி. கம்பெனியின் 1,489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரைத் திறன். 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே பாடிக்குள் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை வைத்தது. பிறகு இசுசு 2 லிட்டர் டீசலும் வந்தது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு கம்பெனி நிறுத்தவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியர் ராடு போய், தரையில் 5 கியர் கொண்ட புது கியர்பாக்ஸும் கூடவே வந்தது. 2014-ல் உற்பத்தி நிற்கும் வரை அம்பாசிடரின் பாடி பெரிசா மாறவில்லை. இன்ஜின்தான் மாறிக்கொண்டே இருந்தது.

*கான்டெசா:* 1984-ல் வந்த இந்த காரின் பாடி, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கம்பெனியுடையது. உள்ளே வைத்தது அம்பாசிடரின் அதே 1,489 சி.சி. இன்ஜின். ஆள் பெரிசு, தெம்பு சின்னது. மக்கள் குறை சொன்னார்கள். பிறகு இசுசு 1.8 இன்ஜின் வந்தபிறகுதான் கான்டெசாவுக்குப் பெயர் கிடைத்தது.

*மஹிந்திரா ஜீப்:* அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பெட்ரோல் இன்ஜினோடு தொடங்கியது. அப்புறம் இன்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் இன்ஜின் குடும்பம் ஜீப்புக்குள் வந்தது. அதற்குப் பிறகு பிரான்ஸின் பெஜோ டீசல். ஒரே முகம், மூணு நாட்டு இன்ஜின்.

*பிரீமியர் பத்மினி:* இத்தாலியின் ஃபியட் 1100 காரின் வாரிசு. 1990-களில் இதன் டீசல் மாடலுக்கு எஃப்.என்.எம். என்ற இன்னொரு இத்தாலி கம்பெனியின் இன்ஜின் வைக்கப்பட்டது.

சென்னையில் தோற்றுப்போன ஒரு இன்ஜின் மாற்றம்

எல்லா மாற்றமும் ஜெயிக்கவில்லை. அதுக்கு நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த 'ஸ்டாண்டர்டு 2000'.

இதன் பாடி, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 கார். ஐரோப்பாவில் 1977-ம் ஆண்டின் சிறந்த கார் என்று விருது வாங்கிய வண்டி. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 இன்ஜின் இருந்தது. இங்கே அதற்குள் வைத்தது பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் 2 லிட்டர் குடும்பத்து இன்ஜின். அதாவது 1940-களில் வடிவமைத்த இன்ஜின், 1970-களின் பாடிக்குள்.

அந்த இன்ஜின் மோசமான இன்ஜினா? இல்லவே இல்லை. அதே குடும்பத்து இன்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. அதே குடும்பத்து இன்ஜின்தான் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் பறந்தது. டிராக்டருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்திய இன்ஜின், இந்தப் பெரிய சொகுசு காருக்குப் பொருந்தவில்லை. வண்டியின் எடைக்கும், விலைக்கும், வாங்கியவர்களின் எதிர்பார்ப்புக்கும் இன்ஜின் ஈடு கொடுக்கவில்லை. சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றுபோனது.

பெரிய தொழிற்சாலையும் பொறியாளர்களும் இருந்த கம்பெனிக்கே இந்த நிலைமை. நல்ல இன்ஜின் என்பது வேறு, அந்த வண்டிக்குப் பொருந்திய இன்ஜின் என்பது வேறு.

லாரிகளில் நடந்த கதை

கார்களுக்கு முன்னாடியே லாரியில் இது தொடங்கிவிட்டது. 1937-ல் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் கம்பெனி 'பி6' என்ற 6 சிலிண்டர் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்தது. பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்ற பல நாடுகளில் இந்த இன்ஜினைத்தான் தேடினார்கள்.

இதுக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி, பெர்க்கின்ஸ் இன்ஜின்களை சென்னையிலேயே தயாரித்தது. மும்பையின் பிரீமியர் கம்பெனி விற்ற டாட்ஜ், ஃபார்கோ லாரிகளிலும் ஓடியது பெர்க்கின்ஸ் பி6 தான்.

லாரி ஷெட்டில் காதில் விழும் நம்பர்களுக்கும் அர்த்தம் இருக்கு. டாடா '697' என்றால் 6 சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டரின் குறுக்களவும் 97 மில்லிமீட்டர். டாடா 407 வண்டியில் வந்த '497' என்றால் 4 சிலிண்டர், அதே 97 மில்லிமீட்டர். லேலண்டு '370' என்பது வேற கணக்கு. அது இன்ஜினின் மொத்த கொள்ளளவு 370 கன அங்குலம் என்பதைச் சொல்கிறது. நம்ம கணக்கில் சுமார் 6 லிட்டர்.

ரெண்டும் 6 சிலிண்டர் டீசல்தானே, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வைத்தால் என்ன என்று தோணும். இங்கதான் பட்டறை வேலையே தொடங்குது.

இன்ஜினோட எதெல்லாம் பொருந்தணும்?

இன்ஜின் பேயில் இடம் இருந்தால் மட்டும் போதாது. கீழே உள்ள ஒவ்வொண்ணும் ஒத்து வரணும்.

*1. மவுண்டிங்:* இன்ஜின் உட்காரும் இடம். ஒவ்வொரு கம்பெனிக்கும் போல்ட் ஓட்டை வேற வேற இடத்தில். சேஸில் புதுசா பிராக்கெட் வெல்டிங் வைக்க வேண்டி வரும். வெல்டிங் சரியில்லை என்றால் சில மாதத்தில் விரிசல் விடும்.

*2. பெல் ஹவுசிங்:* இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். ரெண்டும் வேற கம்பெனி என்றால் நடுவில் ஒரு அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்து போட வேண்டும். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் நிற்கணும். கொஞ்சம் விலகினாலும் கிளட்ச் அதிரும், பைலட் பேரிங் போகும், கியர்பாக்ஸ் சீக்கிரம் படுக்கும்.

*3. கியர் கணக்கு:* இதை நிறைய பேர் மறந்துடுவாங்க. பெட்ரோல் இன்ஜின் அதிக சுற்று ஓடும். பழைய டீசல் இன்ஜின் குறைவான சுற்றுதான் ஓடும். ஒரு உதாரணம் பார்க்கலாம். நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடும்போது 90 கிலோமீட்டர் வேகம் தரும் வண்டியில், 3,000 சுற்றோடு நிற்கும் டீசல் இன்ஜினை வைத்தால் அதே கியரில் வேகம் 60 கிலோமீட்டர்தான். பின்னாடி டிஃபரன்ஷியலில் கிரவுன்-பினியன் பல்லு கணக்கையும் மாற்றினால்தான் சரிவரும்.

*4. எடை:* பழைய டீசல் இன்ஜின்கள் அதே அளவு பெட்ரோல் இன்ஜினை விட கனமானவை. அந்தக் கூடுதல் எடை முழுக்க முன் வீல் மேல் இறங்கும். ஸ்பிரிங் தாழும், ஸ்டீயரிங் கனக்கும், முன் டயர் தேயும், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

*5. சூடு:* ரேடியேட்டர், ஃபேன் ரெண்டும் புது இன்ஜினின் சூட்டைத் தாங்கணும். தூத்துக்குடி வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை.

*6. புரொப்பல்லர் ஷாஃப்ட்:* இன்ஜின், கியர்பாக்ஸின் நீளம் மாறினால் ஷாஃப்டை வெட்டியோ நீட்டியோ பேலன்ஸ் செய்யணும். சாய்வுக் கோணம் தப்பினால் வேகத்தில் வண்டியே நடுங்கும்.

*7. கரண்டும் எரிபொருளும்:* காரில் 12 வோல்ட், பல லாரிகளில் 24 வோல்ட். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஹீட்டர் பிளக் எல்லாம் அதற்கேற்ப மாறணும். டீசலுக்கு டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் லைன் தனியாக வேண்டும்.

யாரும் கவனிக்காத ஆபத்து: பிரேக்

மேலே சொன்னதில் ஏதாவது தப்பினால் வண்டி பாதியில் நிற்கும். செலவு வைக்கும். ஆனால் அடுத்த விஷயம் தப்பினால், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது.

பூஸ்டர் உள்ள காரிலும் வேனிலும், நாம் பிரேக்கை மிதிக்கும்போது கால் பலத்தோடு வேக்குவம் சேர்ந்துதான் பிரேக்கை அழுத்துகிறது. பெட்ரோல் இன்ஜினில் அந்த வேக்குவம் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது தானாகவே கிடைத்துவிடும். பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் அப்படிக் கிடைக்காது. அதனால்தான் டீசல் வண்டிகளில் வேக்குவம் பம்ப் என்று தனியாக ஒன்று, பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்த்து, வைத்திருப்பார்கள்.

பெட்ரோலை இறக்கி டீசலை ஏற்றும்போது அந்த பம்ப்பை விட்டுவிட்டாலோ, சின்ன பம்ப்பாகப் போட்டாலோ, பூஸ்டர் வேலை செய்யாது. பெடல் கல் மாதிரி இருக்கும். முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி தள்ளித்தான் நிற்கும். காலியாக ஓட்டிப் பார்க்கும்போது பெரிசா தெரியாது. ஆட்கள் நிறைய ஏறி, பாலத்தில் இருந்து இறங்கும்போதுதான் தெரியும்.

லாரியில் இதே கதை ஏர் பிரேக்கில் வரும். பிரேக்குக்கான காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் இன்ஜினோடுதான் ஓடும். வேற இன்ஜின் மாட்டினால் அதன் கம்ப்ரஸர், அந்த லாரியின் பிரேக்குக்குப் போதுமான காற்றை, போதுமான வேகத்தில் கொடுக்கணும். பவர் ஸ்டீயரிங் பம்ப்புக்கும் இதே கணக்குதான்.

புது வண்டியில் இது ஏன் நடக்காது?

ஒரு சுவாரசியமான உதாரணம். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். 1,248 சி.சி. இது மாருதி ஸ்விஃப்ட், டிசையர் கார்களில் இருந்தது. டாடா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது. ஃபியட் புன்டோவிலும் இருந்தது. ஒரே இன்ஜின், மூணு கம்பெனி.

அப்போ ஸ்விஃப்ட் இன்ஜினை விஸ்டாவில் மாட்டலாமே? பார்க்க எளிது மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அதைத் தன் கம்ப்யூட்டர், தன் வயரிங், தன் சாவிப் பூட்டோடு இணைத்திருக்கும். இன்ஜின் இரும்பு ஒன்றுதான், அதை ஓட்டும் மூளை வேற. சாவியை அடையாளம் தெரியவில்லை என்றால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபிறகு சென்சார்களும் புகை வடிகட்டும் அமைப்பும் இன்னும் கூடிவிட்டன.

அதனால்தான் இந்த வேலை பழைய வண்டிகளோடு நின்றுவிட்டது. ஒரு டீசல் லைன், ஒரு ஆக்சிலேட்டர் கேபிள், ரெண்டு வயர் கொடுத்தால் ஓடிய காலத்து இன்ஜின்களுக்குத்தான் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதுக்கான அடிப்படை.

*2000-க்கு முன்:* ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்து, அனுமதி வாங்கி மாற்றலாம் என்று பிரிவு இருந்தது. அந்தக் காலத்தில் முறையாக மாற்றி ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய வண்டிகள் இதனால்தான் இருக்கின்றன.

*2000 திருத்தம்:* கதவு பெரும்பாலும் மூடப்பட்டது. வண்டியைத் தயாரித்த கம்பெனி கொடுத்த ஒரிஜினல் விவரங்களுக்கு ஆர்.சி.யில் உள்ளவை மாறுபடும் அளவுக்கு உரிமையாளர் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று ஆனது.

*விதிவிலக்கு ஒன்று:* சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு, அனுமதி பெற்ற கிட் பொருத்தி மாற்றலாம். நிபந்தனைகள் உண்டு.

*விதிவிலக்கு ரெண்டு:* குறைந்தது 10 போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவர்கள், மாநில அரசு அறிவிக்கை மூலம் அனுமதித்தால், முன் அனுமதி இல்லாமலேயே இன்ஜின் மாற்றலாம். ஆனால் அதே கம்பெனி, அதே ரக இன்ஜின் மட்டும்தான். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

ஒரு வண்டி, ரெண்டு வண்டி வைத்திருப்பவர்கள் அதே ரக இன்ஜினை மாற்றுவதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி முதலில் வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

*உச்ச நீதிமன்றம்:* கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. தயாரித்த கம்பெனியின் ஒரிஜினல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. மாநில விதிகளைக் காட்டி இதைத் தாண்டவும் முடியாது.

*தண்டனை:* 2019-ல் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

எஃப்.சி.யில் மாட்டுமா?

லாரி, வேன், டாக்ஸி போன்ற போக்குவரத்து வண்டிகளுக்கு முதல் 8 வருடம் ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. அதுக்கு மேல் ஒவ்வொரு வருடமும். சொந்த காருக்கு 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்கும்போது சோதனை உண்டு. நம்ம ஊரில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் இன்ஜின் நம்பர், சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். டி.என். 69 தூத்துக்குடி வண்டியோ, டி.என். 92 திருச்செந்தூர் வண்டியோ, விதி ஒன்றுதான்.

நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் இன்னொரு சந்தேகமும் வரும். இந்த இன்ஜின் திருட்டு வண்டியில் இருந்து வந்ததா? பில் இல்லாத காயலான்கடை இன்ஜினுக்கு இந்தக் கேள்வியில் பதில் சொல்வது கஷ்டம்.

இன்சூரன்ஸ்: வீட்டையே பாதிக்கும் கேள்வி

இன்சூரன்ஸ் பாலிசி எழுதப்படுவது ஆர்.சி.யில் உள்ள வண்டிக்கு. ஆர்.சி.யில் பெட்ரோல், ரோட்டில் டீசல் என்றால், விபத்து நடந்து சர்வேயர் வந்து பார்க்கும்போது "நாங்க இன்சூர் செஞ்சது இந்த வண்டியை இல்லையே" என்று கம்பெனி கேட்க முடியும். சொந்த வண்டி சேதத்துக்கான க்ளைம் மறுக்கப்படலாம்.

இன்னும் பெரிய ஆபத்து, அடுத்தவருக்கு அடிபட்டால். பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பது உண்டு. உயிரிழப்பு வழக்கில் அந்தத் தொகை லட்சக்கணக்கில் இருக்கும். இன்ஜினில் மிச்சம் பிடித்த சில ஆயிரத்துக்காக, வீடும் வயலும் அடமானம் போகும் நிலை வரலாம்.

அப்போ படகுல மட்டும் லாரி இன்ஜின் ஓடுதே?

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். விசைப்படகுகளில் ஓடும் லேலண்டு இன்ஜின் லாரி இன்ஜினின் உறவுதான். ஆனால் படகுக்கு என்றே மாற்றி அமைத்தது. ரேடியேட்டருக்குப் பதில் கடல் நீரைப் பயன்படுத்திக் குளிர்விக்கும் அமைப்பு, லாரி கியர்பாக்ஸுக்குப் பதில் முன்னே பின்னே மட்டும் போகும் கடல் கியர் எல்லாம் அதில் உண்டு.

அங்கே மோட்டார் வாகனச் சட்டம் கிடையாது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 இருக்கிறது. படகு பதிவு மீன்வளத் துறையிடம். அங்கேயும் நினைத்த இன்ஜினை வைத்துவிட முடியாது. 2020-ல் திருத்திய விதிகளின்படி 240 குதிரைத் திறனுக்கு மேல் இன்ஜின் வைக்க அனுமதி இல்லை. அதிவேக இன்ஜின் வைத்த படகுகளால் மற்ற மீனவர்களுக்கு மீன் கிடைக்காமல் போகிறது என்ற சண்டைதான் இதன் பின்னணி.

பழைய வண்டி வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

இன்ஜினை மாற்றியவர் வண்டியை விற்றுவிட்டுப் போயிடுவார். சிக்கல் வாங்கியவர் தலையில் விழும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

* ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரும் இன்ஜினில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா? பேப்பர் வைத்து பென்சிலால் உரசினால் நம்பர் தெளிவாக விழும்.
* நம்பர் இருக்கும் இடத்தில் அரம் போட்ட தடயம், வெல்டிங் தடயம் இருக்கா? இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.
* ஆர்.சி.யில் எரிபொருள், சி.சி. இரண்டையும் பாருங்கள். எம்.பரிவாகன் ஆப்பிலும் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.
* "மாத்தினதுக்கு பேப்பர் இருக்கு" என்றால், அது ஆர்.சி.யிலேயே ஏறியிருக்கணும். பட்டறை பில் மட்டும் இருந்தால் போதாது.
* பூஸ்டர் சோதனை: இன்ஜினை ஆஃப் செய்து பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகும். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள்.
* பானெட்டைத் திறந்து மவுண்டிங் பிராக்கெட்டில் புது வெல்டிங், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பழைய வண்டியை வெச்சுக்கிட்டு என்ன செய்யலாம்?

முதல் வழி, இருக்கும் இன்ஜினையே முழுசா ரீபோர் செய்து கட்டுவது. எந்த அனுமதியும் வேண்டாம். அம்பாசிடர், பத்மினி, பழைய டாடா, லேலண்டு இன்ஜின்களைக் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் நம்ம ஊர்களில் இருக்கின்றன.

ரெண்டாவது வழி, அதே ரக இன்ஜினைப் பில்லோடு வாங்குவது. எந்த வண்டியில் இருந்து எடுத்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதா என்று கேட்டு வாங்குங்கள். பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்துவிடுவது நல்லது.

மூணாவது வழி, அனுமதி பெற்ற கேஸ் கிட் அல்லது பேட்டரி கிட். உங்கள் மாடலுக்கு அந்த கிட் அனுமதி வாங்கியிருக்கிறதா என்பதைச் சான்றிதழோடு கேளுங்கள்.

தாத்தா காலத்து காரைப் பாதுகாத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி, 50 வருடத்துக்கு மேலான வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்யலாம். ஆனால் சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வேற கம்பெனி இன்ஜின் மாட்டிய நாளிலேயே அந்தத் தகுதி போய்விடும்.

பட்டறைக்காரர் கையில் எந்த இன்ஜினும் எந்த வண்டியிலும் உட்காரும். அந்தத் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டி ஓடப்போவது பஸ்ஸும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகும் அதே ரோட்டில். அதனால் இன்ஜினை இறக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் என்ன இன்ஜின் எழுதியிருக்கோ, உங்கள் வண்டிக்கு அதுதான் இன்ஜின்.